சில்வர் ஓக் யானை வண்டிக்கு சி.இ. குறி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி கடைசல்
எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து மரப்பொம்மை செய்கிறோம். ஐந்து பேர் முன்பு தேயிலை பறிக்கப் போனவர்கள். தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை அனுமதி வாங்கி வெட்டும்போது வியாபாரிக்கு உதவாத துண்டுகள் மிஞ்சும். அதை வாங்கி உலர்த்தி, கடைந்து, உப்புத்தாள் போட்டு பொம்மையாக்குகிறோம். அதிகம் விற்பது கயிறு கட்டி இழுக்கும் யானை வண்டி. நாலு சக்கரம், மர ஆணி, காதில் மட்டும் சிவப்பு, மேலே தேன்மெழுகுப் பூச்சு. கயிற்றின் நுனியில் குழந்தை பிடித்துக்கொள்ள, பாசிமணி மாதிரி உருண்டையாக ஒரு மர மணி. நடை பழகும் வயதுக் குழந்தைக்கானது.

போன மாதம் குன்னூருக்கு வந்திருந்த ஒரு ஜெர்மன் அம்மா இதைப் பார்த்துவிட்டு, தன் கடைக்கு 300 கேட்கிறார். அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் அவர் தங்கைக்கு 150. ஊருக்குப் போனதும் கடிதம் வந்தது: ஜெர்மனிக்கு சி.இ. குறியும் (ஐரோப்பாவில் விற்கும் பொம்மையில் இருக்க வேண்டிய பாதுகாப்புக் குறி) அதற்கான காகிதங்களும் வேண்டும், அமெரிக்காவுக்கு சி.பி.சி. என்னும் குழந்தைகள் பொருள் சான்றிதழ் வேண்டும்.

விசாரித்ததில் ஒரு ஏஜென்ட் கிடைத்தார். 65 ஆயிரம் கட்டினால் பத்து நாளில் சி.இ. சான்றிதழ் கைக்கு வருமாம். பொம்மையை அனுப்ப வேண்டாமா என்று கேட்டேன். போட்டோ போதும் என்கிறார். அதுதான் உறுத்துகிறது. பொம்மையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அது பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்ல முடியும்? உண்மையான வழி என்ன?

பண்ணைக்காடு பஞ்சுப்பொம்மை
அக்கா, தயவுசெய்து அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். நான் கொடைக்கானல் மலையில் துணிப்பொம்மை தைக்கிறேன். இரண்டு வருடம் முன்பு நானும் இதே மாதிரி ஒருவரிடம் கட்டினேன். தங்க நிறக் கரை போட்ட, முத்திரை வைத்த அழகான தாள் வந்தது. பிரான்சில் வாங்குபவருக்கு அனுப்பினேன். ‘பரிசோதனை அறிக்கை எங்கே, தொழில்நுட்பக் கோப்பு எங்கே, இந்த நிறுவனத்துக்கு இதைக் கொடுக்க என்ன அதிகாரம்’ என்று மூன்றே கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆர்டர் போனது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. பொம்மையின் கண் பொத்தான் இழுத்தால் கழன்று வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அந்தத் தாளை நம்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

திருப்பூர் ஆய்வகம்
பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன், அதில் ஆறு வருடம் பொம்மைப் பிரிவில். சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பொம்மைக்கு சி.இ. என்பது யாரோ உங்களுக்குக் கொடுக்கும் சான்றிதழ் அல்ல. தயாரிப்பாளர் தானே கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிமொழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009/48 பொம்மைப் பாதுகாப்பு உத்தரவு அப்படித்தான் வைத்திருக்கிறது. உங்கள் பொம்மையில் உள்ள ஆபத்துகள் எல்லாவற்றுக்கும் இ.என். 71 என்னும் ஐரோப்பியப் பொம்மைத் தரங்களில் விதி இருந்து, அதன்படி நீங்கள் செய்திருந்தால், மூன்றாம் ஆளின் ஒப்புதல் தேவையில்லை. தரங்கள் தொடாத புதுவகைப் பொம்மை என்றால்தான் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம் வகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இழுவண்டிக்கு அந்தத் தேவை வராது.

மூன்றாம் ஆள் வேண்டாம் என்பதால் சுலபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. கையெழுத்துக்குப் பின்னால் ஒரு கோப்பு இருக்க வேண்டும். பொம்மையின் படமும் அளவுகளும், எந்த மரம், எந்தப் பசை, எந்த நிறம், எந்த மெழுகு, ஒவ்வொன்றையும் விற்றவர் தந்த பாதுகாப்புத் தரவுத்தாள், எங்கே செய்யப்படுகிறது, பரிசோதனை அறிக்கைகள். இதற்கெல்லாம் மேலே, நீங்களே உட்கார்ந்து யோசித்து எழுதிய ஆபத்து மதிப்பீடு. எங்கே உடையும், எது கழலும், எது விரலை நசுக்கும், எதை நக்குவார்கள், எது எரியும், எதில் பூஞ்சை பிடிக்கும்? கடைசிப் பொம்மை சந்தைக்குப் போனதிலிருந்து 10 வருடம் இந்தக் கோப்பு இருக்க வேண்டும்.

உங்கள் யானைக்கு இ.என். 71-இன் முதல் மூன்று பகுதிகள் பொருந்தும். முதல் பகுதி இயந்திரவியல், இரண்டாவது தீப்பற்றும் தன்மை, மூன்றாவது நச்சுத் தனிமங்கள். சக்கரமும் மணியும்தான் உங்கள் முக்கியமான இடம். முறுக்கிப் பார்ப்பார்கள், 850 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து ஐந்து முறை போடுவார்கள், ஒரு கிலோ எடையை மேலே விழவிடுவார்கள், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாகத்தை 90 நியூட்டன் விசையில் இழுப்பார்கள். ஏறக்குறைய ஒன்பது கிலோ இழுப்பு. கழன்று வரும் எதையும் ஒரு சிறு உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர், சாய்வான அடி, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. அதற்குள் முழுதாக அடங்கினால் குழந்தையின் தொண்டையிலும் அடங்கும் என்று பொருள். மூன்று வயதுக்குக் கீழே அது தோல்வி. இதே உருளைதான் அமெரிக்காவிலும்.

கோத்தகிரி கடைசல்
மிக்க நன்றி சார். இரண்டு முறை படித்தேன், எங்கள் பெண்களுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம். ‘மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்று ஒட்டிவிட்டால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். நிஜமா?

திருப்பூர் ஆய்வகம்
இல்லை. இந்தத் தவறைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கை பொம்மையின் இயல்பான பயனுக்கு முரணாக இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கயிறு கட்டி இழுக்கும் வண்டியோடு விளையாடுவது நடை பழகும் குழந்தைதான். நாலு வயதுப் பிள்ளை அதைத் தொடாது. நீங்கள் என்ன ஒட்டினாலும் அதிகாரி அதை ஒன்றரை வயதுக் குழந்தையின் பொம்மையாகத்தான் பார்ப்பார். கிலுகிலுப்பைக்கும் அப்படியே.

மெயின் பஜார் ஊட்டி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஊட்டியில் கடை வைத்திருக்கிறேன், ஏற்றுமதி எதுவும் இல்லை. பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று சொல்கிறார்களே, அது இருந்தால் வெளிநாட்டுக்கும் போதாதா?

திருப்பூர் ஆய்வகம்
போதாது சார். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873 என்னும் இந்தியத் தரத்தின்படி பி.ஐ.எஸ். முத்திரை (நீங்கள் சொல்லும் ஐ.எஸ்.ஐ. அதுதான்) கட்டாயம், மின்சாரப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. ஏற்றுமதிக்கென்றே செய்யும் பொருளுக்கு அந்த ஆணை பொருந்தாது. மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும் விலக்கு உண்டு. கடைசல் அக்கா, ஊட்டிக் கடைகளுக்கும் போடுகிறீர்கள் என்றால் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கோத்தகிரி கடைசல்
கைவினைஞர் அடையாள அட்டை நாலு பேருக்கு இருக்கிறது. மற்ற மூன்று பேருக்கும் விண்ணப்பித்துவிடுகிறோம்.

பண்ணைக்காடு பஞ்சுப்பொம்மை
அக்கா, லேபுக்கு அனுப்பும் முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தோற்ற பிறகு நான் கற்றுக்கொண்டது இது. மீன் எடை போடும் கொக்கித் தராசு ஒன்று வாங்கினேன். பொத்தானைக் கவ்வி ஒன்பது கிலோ காட்டும்வரை இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்திருப்பேன். பிறகு பொத்தானையே விட்டுவிட்டு நூலால் கண் தைக்க ஆரம்பித்தேன். இப்போது கழல்வதற்கு ஒன்றுமே இல்லை. தையலையும் இழுத்துப் பார்க்கிறேன். துணிப்பொம்மைக்கு உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே வரக் கூடாது என்பதால் தையலுக்குத் தனியாக ஒரு இழுப்பு உண்டு, 70 நியூட்டன்.

கோத்தகிரி கடைசல்
தங்கச்சி சொன்னபடியே தராசு வாங்கினோம். பன்னிரண்டு யானைகளை இழுத்துப் பார்த்தோம். இரண்டில் சக்கரத்தோடு மர ஆணி உருவி வந்துவிட்டது. உருளையின் அளவுக்கு ஒரு துண்டு பி.வி.சி. குழாய் வெட்டி வைத்திருந்தோம். ஆணி அதற்குள் முழுதாக அடங்கியது. பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் அப்படியே அமைதியாகிவிட்டார்கள். இதே வண்டியை எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறோம். அன்றே போய் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வந்தோம்.

ஏன் பத்து நிற்கிறது, இரண்டு கழல்கிறது என்று புரியவில்லை. பசை ஒன்றுதான், துளையும் ஒரே டிரில் போட்டதுதான்.

கட்டபெட்டு ஆசாரி மகன்
அக்கா, அந்த இரண்டும் எந்த மாதம் செய்தது? ஐப்பசி, கார்த்திகையில் செய்ததா என்று பாருங்கள். உங்கள் பக்கம் வடகிழக்கு மழை எங்களைவிட அதிகம். சாலையில் நடந்தால் சட்டை ஈரமாகிற பனியில் மரம் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்? ஆணி ஈரத்தில் உப்பி இருக்கும்போது துளையில் கச்சிதமாகப் போகும். காய்ந்ததும் சுருங்கிவிடும். அப்பா நாற்காலி செய்யும்போது கழுந்தை (துளைக்குள் இறங்கும் முனைக் கட்டையை) அடுப்பு மேல் பரணில் ஒரு மாதம் வைத்திருப்பார். கால் சட்டம் அவ்வளவு காயாமல் இருக்கும். காய்ந்த கழுந்தை அடித்து இறக்கினால் சட்டத்தின் ஈரத்தை வாங்கி உள்ளேயே உப்பிப் பிடித்துக்கொள்ளும். அவர் செய்த நாற்காலி இன்னும் ஆடவில்லை.

கோத்தகிரி கடைசல்
தம்பி, நவம்பரில் செய்ததுதான்! அந்தக் குவியலில் மீதி இருந்ததை இழுத்தோம், இன்னும் மூன்று கழன்றது. கோவையிலிருந்து ஈரமானி ஒன்று வாங்கி வரச் சொன்னேன். நன்றாகக் காய்ந்தது என்று நாங்கள் நினைத்த மரம் 17 சதவீதம் காட்டுகிறது.

திருப்பூர் ஆய்வகம்
ஆசாரி மகன் சொன்னது ஆய்வகத்தில்கூட யாரும் சொல்லித்தராத பாடம். இதை ஆபத்து மதிப்பீட்டில் அப்படியே எழுதுங்கள், அக்கா. ஜெர்மனியில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றுவார்கள், காற்று வறண்டு கிடக்கும். கோத்தகிரியில் 17 சதவீதத்தில் செய்த பொம்மை அங்கே போய் 7, 8-க்கு இறங்கும். இங்கே ஒன்பது கிலோவைத் தாங்கிய ஆணி அங்கே மூன்று கிலோவில் வரலாம். லேபில் ஒரே நாளில் இழுத்துப் பார்த்து ‘தேர்ச்சி’ என்று எழுதிவிடுவார்கள், பொம்மை ஆறு மாதம் கழித்துக் குழந்தையின் கையில் கழலும். அறிக்கை இருந்தாலும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று சட்டம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் நிறம். காதின் சிவப்பு எது?

கோத்தகிரி கடைசல்
மேட்டுப்பாளையத்தில் வாங்கிய எனாமல். டப்பாவில் நச்சற்றது என்று போட்டிருக்கிறது.

திருப்பூர் ஆய்வகம்
அந்த வாசகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு இந்த மூன்றிலும்தான் ஈயக் குரோமேட் நிறமி வருவது வழக்கம். இ.என். 71-3 மொத்தம் 19 தனிமங்களைப் பார்க்கிறது. பூச்சைச் சுரண்டி, வயிற்று அமிலம் போன்ற கரைசலில் போட்டு, எவ்வளவு கரைந்து வெளியே வருகிறது என்று அளப்பார்கள். சுரண்டி எடுத்த பூச்சிலிருந்து ஈயம் கிலோவுக்கு 23 மில்லிகிராமுக்கு மேல் வரக் கூடாது. அமெரிக்காவில் முறையே வேறு. கரைந்து வருவதை மட்டும் பார்க்காமல் பூச்சில் உள்ள மொத்த ஈயத்தையும் பார்ப்பார்கள், வரம்பு 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு. ஆகவே ஒன்றில் தேறியதை வைத்து மற்றொன்றிலும் தேறும் என்று எண்ணக் கூடாது. அனுப்பும்போதே இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு நிறமும் தனி மாதிரி, தனிக் கட்டணம். நிறத்தைக் குறைத்தால் செலவும் குறையும்.

அமெரிக்காவுக்கு 2008-இல் வந்த சட்டத்தின்படி 12 வயது வரையிலான குழந்தைகளின் பொருளுக்கு சி.பி.சி. வேண்டும். தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 963. இங்கே சொந்த அறிவிப்பு மட்டும் போதாது, அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்தில் பரிசோதித்திருக்க வேண்டும். இந்தியாவில் அப்படிப்பட்ட ஆய்வகங்கள் உண்டு. ஆணையத்தின் தளத்தில் நாடு வாரியாகத் தேடலாம். எந்தச் சோதனைக்கு ஏற்பு இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் செய்த பொருளுக்கு சி.பி.சி. எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர், அதாவது அந்தத் தங்கை. நீங்கள் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். ஒரு நல்ல செய்தி: பூச்சோ வேறு எந்தச் சேர்மானமோ இல்லாத வெறும் மரத்துக்கு நச்சுத் தனிமச் சோதனை வேண்டாம் என்று அவர்களே விதியில் விலக்கியிருக்கிறார்கள். பூசிவிட்டால் அந்தப் பூச்சைச் சோதிக்க வேண்டும்.

கோத்தகிரி கடைசல்
இரண்டு நாள் பேசி முடிவு செய்தோம். சிவப்பு வேண்டாம். காதுக்கு வேறு மரம் வைத்துவிடலாம், பலா மஞ்சளாகவே இருக்கும். தேன்மெழுகு மட்டும் வைத்துக்கொள்கிறோம். யானை முன்பைவிட அழகாகத்தான் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் சரக்கு
கோவை விமான நிலையம், தூத்துக்குடி துறைமுகம் இரண்டுக்கும் சரக்கு அனுப்பும் வேலை எனக்கு. பரிசோதனையில் தேறியும் எல்லையில் நின்றுபோன பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன், காரணம் பெரும்பாலும் லேபிள். பொம்மையிலோ லேபிளிலோ உங்கள் பெயர், முகவரி, தொகுதி எண் வேண்டும். இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் வேண்டும். சி.இ. எழுத்துகள் குறைந்தது 5 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மனி என்றால் எச்சரிக்கைகள் ஜெர்மன் மொழியில். அமெரிக்காவுக்குப் பொம்மையின் மேலேயே அழியாத தடக்குறி வேண்டும்: யார், எங்கே, எப்போது, எந்தத் தொகுதி. மரத்தில் சூட்டுக்கோலால் போடலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம், அந்த ஜெர்மன் அம்மாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். யார் பெயரில் விற்கப்போகிறார்? அவர் தன் கடைப் பெயரைப் போட்டு விற்றால், சட்டத்தின் கண்ணில் அவர்தான் தயாரிப்பாளர். உறுதிமொழியும் அவர் கையெழுத்தில் வர வேண்டும்.

மரப்பெட்டி, மரத்தட்டு எதிலாவது அனுப்பினால் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கட்டும். மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான முத்திரை அது. 450 பொம்மைதானே, அட்டைப்பெட்டி போதும், இந்தத் தலைவலி வராது. ஏற்றுமதி எண் இருக்கிறதா?

கோத்தகிரி கடைசல்
ஏற்றுமதி எண் வாங்கிவிட்டோம், 500 ரூபாய்தான் ஆனது, ஆன்லைனிலேயே கிடைத்தது. பெயர் விஷயத்தைக் கேட்டேன். எங்கள் பெயரிலேயே விற்கிறேன் என்கிறார். ஏழு பேர் பெயரையும் அட்டையில் போட ஆசைப்படுகிறார். அப்படியென்றால் கையெழுத்து என்னுடையது. பயமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் சரி என்று படுகிறது.

பண்ணைக்காடு பஞ்சுப்பொம்மை
பயப்படாதீர்கள் அக்கா. கோப்பை முதலில் தமிழில் எழுதுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன். தமிழில் எழுதும்போதுதான் எதைச் செய்யாமல் விட்டிருக்கிறோம் என்று நமக்கே தெரியும். ஆங்கிலத்தில் மாற்றுவது ஒரு வாரத்து வேலை.

கோத்தகிரி கடைசல் *(நாலு மாதம் கழித்து)*
கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். தகரக் கூரைக்குக் கீழே பலகை அடித்து ஒரு உலர் அறை செய்தோம். உடலுக்கும் சக்கரத்துக்கும் மரம் 10 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் கடைகிறோம். ஆணிகளை ஆசாரி மகன் சொன்னபடி தனியாகச் சூடான மணலில் வைத்து 6-க்கு இறக்குகிறோம். நாற்பது வண்டிகளை இழுத்துப் பார்த்தோம், ஒன்றுகூடக் கழலவில்லை. அவற்றில் பத்தை மூன்று வாரம் அடுப்படிப் பரணில் வறள வைத்து மறுபடி இழுத்தோம். நின்றது.

இ.என். 71-இன் மூன்று பகுதிகளும் தேறிவிட்டன. லேப் கட்டணமும் கூரியரும் சேர்த்து 31 ஆயிரம் ஆனது, ஏஜென்ட் கேட்டதில் பாதிக்கும் குறைவு. கோப்பு 46 பக்கம். ஜெர்மனிக்கான 300 போன வாரம் கிளம்பியது. அமெரிக்காவுக்கு மாதிரி அனுப்பப்போகிறேன். அதற்கு முன் கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா சார்?

திருப்பூர் ஆய்வகம்
ரொம்ப சந்தோஷம் அக்கா. கயிறு எவ்வளவு நீளம்? நுனியில் அந்த மணி இன்னும் இருக்கிறதா?

கோத்தகிரி கடைசல்
60 சென்டிமீட்டர். மணி இருக்கிறது. ஜெர்மனிக்கு அதோடுதான் சோதித்தார்கள்.

திருப்பூர் ஆய்வகம்
அமெரிக்கத் தரத்தில் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் இழுவண்டியில் கயிறு 30 சென்டிமீட்டரைத் தாண்டினால், சிக்கிக்கொண்டு சுருக்கு விழ வைக்கும் மணியோ வேறு எதுவுமோ நுனியில் இருக்கக் கூடாது. கழுத்தில் மாட்டும் என்பதால்தான். மணியை எடுத்துவிட்டு மாதிரி அனுப்புங்கள்.

கோத்தகிரி கடைசல்
எடுத்துவிட்டோம். இனி எந்த ஊருக்குப் போகும் வண்டியிலும் மணி கிடையாது, இங்கே கோத்தகிரியில் விற்பதிலும்தான். ஜெர்மன் அம்மாவுக்கும் எழுதிவிட்டேன், பெட்டி போய்ச் சேர்ந்ததும் விற்பதற்கு முன் அவரே அவிழ்த்துவிடுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். மாதிரி திங்கட்கிழமை கிளம்புகிறது.